மேஸ்திரிக்கு ஒரு குறையும் இல்லை

வர்றேன்மா, நீ கேட்டதுக்குத்தான் வர்றேன். உங்கப்பா கடைசியா இங்க வந்தப்போ பாக்கறதுக்கு எப்படி இருந்தாருன்னு கேட்ட. நியாயமான கேள்வி. கேக்கறதுக்கு உனக்கு உரிமையும் இருக்கு. பதில் சொல்லாம உன்னை அனுப்ப மாட்டேன். ஆனா வண்டி அஞ்சு மணிக்குத்தானே? இன்னும் மூணரைகூட ஆகல. அதுக்குள்ள இவனைப் பத்தி சொல்லவேண்டியதைச் சொல்லி முடிச்சுடறேன். நாயே வளத்து அறியாதவ நீ. நாலு விஷயம் தெரிஞ்சுக்காம இவனை ஏத்திக்கிட்டுப் போனேன்னு வை, அங்க ஒரு நாள் இவன் சும்மா தும்மினாக்கூட உனக்குத் தூக்கம் போயிடும்.

இப்படி வா, ஜன்னல் பக்கமா. வெளிச்சத்தை மறைக்காம நில்லு. இந்த மேசை இவனுக்குன்னே போட்டது. ஏறுடா மேஸ்திரி. பாத்தியா, முன்னங்கால் ரெண்டையும் தூக்கி வச்சுட்டு, பின்பக்கத்தை நாமதான் தூக்கி விடணும்னு நிக்கறான். அம்புட்டு அதிகாரம். உங்கப்பா வேலை பாத்த பட்டறை வாசல்ல உக்காந்துக்கிட்டு, வேலை நேரத்துல எவனாவது டீ குடிக்கக் கிளம்பினா எந்திரிச்சு நின்னு குரைப்பானாம். அப்படி லேத்துக்காரங்க வச்ச பேரு. உங்கப்பா வேற என்னமோ நல்ல பேரு வச்சிருந்தான், அது யாருக்கும் ஞாபகம் இல்ல. இவனுக்கே இல்ல.

மொதல்ல ஈறு. எல்லாரும் மூக்கைத் தொட்டுப் பாப்பாங்க, ஈரமா இருந்தா உடம்பு நல்லா இருக்குன்னு. முப்பத்தி நாலு வருசம் கால்நடை ஆஸ்பத்திரியில கம்பவுண்டரா இருந்தவன் சொல்றேன், மூக்கை நம்பாதே. தூங்கி எழுந்த நாய்க்கு மூக்கு காஞ்சுதான் இருக்கும். சாகக் கெடக்கற நாய்க்கு மூக்கு சில்லுன்னு ஈரமா இருந்ததையும் பாத்திருக்கேன். ஈறு அப்படி இல்ல. உதட்டை இப்படி மேல தூக்கு. பயப்படாதே, கடிக்க மாட்டான், கொஞ்சம் அலுத்துக்குவான், அவ்வளவுதான். என்ன நிறம்? சொல்லு. ம், இளஞ்சிவப்பு. இப்ப கட்டைவிரலால ஒரு அழுத்து அழுத்து. வெளுத்துப் போச்சா? விரலை எடு. ஒண்ணு, ரெண்டு. ரெண்டு எண்ணி முடிக்கறதுக்குள்ள சிவப்பு திரும்பி வந்துடணும். வந்துடுச்சில்ல? அப்படின்னா உடம்புல ரத்தமும் போதுமான அளவு இருக்கு, அது ஓடவும் ஓடுது. வெளுத்தது வெளுத்தபடியே நின்னா ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காதே. தூக்கிக்கிட்டு ஓடு.

அடுத்தது கண்ணு. நேரா பாக்கணும், தெளிவா இருக்கணும். ஓரத்துல காலையில கொஞ்சம் பீளை இருக்கும், அதைத் துடைச்சுட்டா போச்சு. மஞ்சளாவோ பச்சையாவோ கெட்டியா வழிஞ்சா அது வேற சங்கதி. காதை இப்படி மடக்கி, ம், மோந்து பாரு. சிரிக்காதேம்மா, நிஜமாத்தான் சொல்றேன், மூக்கை உள்ள வச்சு மோந்து பாரு. ஒரு வாசனையும் இல்லல்ல? புளிச்ச வாடை வந்தா உள்ள புண்ணுன்னு அர்த்தம். இந்தக் காது விஷயத்துலதான் உங்கப்பாவுக்கும் எனக்கும் இவன் வந்த முதல் வருசம் பெரிய தகராறு. தகராறுன்னா, நேரா இல்ல. இவன் மூலமாத்தான்.

உனக்குத் தெரியாதா? உங்கப்பா சொல்லலையா? சொல்லியிருக்க மாட்டான். போன்ல நீ கேட்டா, அண்ணனைப் பாத்தேன், நல்லா இருக்காருன்னு மட்டும் சொல்லியிருப்பான். பாத்தது உண்மைதான். பேசினதில்ல. பதினாலு வருசம்மா. நீ படிக்கப் போன வருசத்துலேருந்து.

எப்படிப் பேசாம இருக்க முடியும்னு கேக்காதே. முடியும். இவன் வந்ததுலேருந்து மாசத்துல முதல் ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்குக் கேட்டுல நாதாங்கி சத்தம் கேக்கும். இவனை முன்னால விட்டுட்டுப் பின்னால அவன் வருவான். நான் இவனைப் பாத்து, வாங்க மேஸ்திரி, உங்ககூட வந்தவரை உக்காரச் சொல்லுங்கம்பேன். அவன் உக்காருவான். மேஸ்திரி, உங்க ஆளுக்குக் காது சுத்தம் பண்ணத் தெரியல, பஞ்சை எடுத்து சுரங்கம் தோண்டியிருக்காருன்னு நான் சொல்வேன். அவன் இவன் தலையைத் தடவிக்கிட்டே, மேஸ்திரி, பஞ்சு குடுத்தவரே சுரங்கம் தோண்டத்தானே சொல்லிக் குடுத்தாரு, மறந்துட்டாரா கேளும்பான். இவன் என் மூஞ்சியை ஒரு தடவை பாப்பான், அவன் மூஞ்சியை ஒரு தடவை பாப்பான். உங்க பெரியம்மா சமையக்கட்டுலேருந்து எட்டிப் பாத்து, அந்த வாயில்லா ஜீவனுக்கு மட்டும் பேச்சு வந்துச்சுன்னா முதல்ல உங்க ரெண்டு பேரையும் கடிச்சு வச்சுட்டுத்தான் பேசும்னு சொல்வா. அதுக்கு நாங்க ரெண்டு பேரும் சிரிப்போம். ஒருத்தரை ஒருத்தர் பாக்காம சிரிப்போம். அது ஒரு மாதிரி பழகிப் போச்சு. பழகினது எல்லாம் நல்லதுன்னு மனுசன் நெனச்சுக்கறான்.

எதுக்குப் பேச்சு நின்னுதுன்னா, அது எங்கம்மா விஷயம். உன் பாட்டி. கடைசிக் காலத்துல அவங்களுக்கு வயித்துல வலி. ஆபரேசன் பண்ணணும்னு ஒரு டாக்டர் சொன்னாரு. உங்கப்பா பண்ணிடலாம்னான். நான் வேண்டாம்னேன். எண்பது வயசு உடம்பு கத்தியைத் தாங்காது, மருந்துலயே சரியாகும், நான் பாத்துக்கறேன்னேன். எனக்குத் தெரியும்னு நெனச்சேன்மா. வெள்ளைக் கோட்டு போட்டவங்க பக்கத்துலயே அத்தனை வருசம் நின்னவன் இல்லையா. ஒன்பதாம் நாள் உள்ள குடல் ஓட்டையாகிப் போயிட்டாங்க. எடுத்துட்டுப் போற நேரம், வாசல் நெறைய ஆளுங்க நிக்கறாங்க, உங்கப்பா என் சட்டையைப் பிடிச்சான். மாட்டுக்கு மருந்து கலக்கறவன்கிட்ட எங்கம்மாவை ஒப்படைச்சேனே, இனிமே மனுச உடம்பைப் பத்தி நீ வாயைத் திறக்காதேன்னு சொன்னான்.

அவன் சொன்னதுல தப்பு இல்ல. அன்னைக்கும் தெரியும், இன்னைக்கும் தெரியும். ஆனா தப்பு இல்லாததாலதானே சுருக்குன்னு உள்ள போய்த் தைக்குது. அன்னைக்கு மனசுக்குள்ள நான் ஒண்ணு முடிவு பண்ணினேன். சரி, இனிமே இவன் உடம்பைப் பத்தி இவனா வந்து என்கிட்ட கேக்கற வரைக்கும் நான் ஒரு சொல் சொல்ல மாட்டேன். அவனா கேக்கணும்.

இரு, இவன் நெளியறான். நின்னது போதுமாம். உக்காருடா, உக்காரு. இங்க பாரும்மா, தோலைக் காட்டறேன். கழுத்துக்கும் முதுகுக்கும் நடுவுல ரெண்டு விரலால இப்படித் தூக்கிப் பிடி. விடு. சட்டுன்னு படிஞ்சுடுச்சா? கூடாரம் மாதிரி நின்னா உடம்புல தண்ணி இல்ல. வெயில் காலத்துல இதைத் தினம் பாரு. முடியைப் பாரு, எண்ணெய் தடவின மாதிரி ஒரு மினுமினுப்பு இருக்கா. அது எண்ணெயும் இல்ல, சோப்பும் இல்ல. உள்ள போற சாப்பாடு ஒழுங்கா இருந்தா முடியில தானா தெரியும். வெளிய போறதையும் பாக்கணும். முகம் சுளிக்காதே, இதைவிட உண்மையான சாட்சி கெடையாது. கெட்டியா, ஒரே நிறமா, எடுத்தா தரையில ஒட்டாம வரணும். ரெண்டு நாள் தொடர்ந்து எளகலா போனா டாக்டர்கிட்ட காட்டு. மூத்திரம் வெளிர் மஞ்சளா இருக்கணும்.

தூங்கறப்போ மூச்சை எண்ணு. நெஞ்சு ஒரு தடவை ஏறி இறங்கினா ஒண்ணு. ஒரு நிமிஷத்துக்கு பதினஞ்சுலேருந்து முப்பதுக்குள்ள இருக்கணும். நல்லாத் தூங்கறப்போ முப்பதைத் தாண்டினா இருதயத்துல ஏதோ வேலை நடக்குதுன்னு அர்த்தம். கனவு கண்டு காலை உதைச்சுக்கிட்டிருந்தா அந்தக் கணக்கு செல்லாது, எழுப்பாம காத்திருந்து மறுபடி எண்ணு.

முக்கியமா ஒண்ணு சொல்றேன், கேளு. நாய் வலியை மறைக்கும். அதுக்கு அது ஒரு மானப் பிரச்சினை. வால் ஆட்டறதை வச்சு முடிவு கட்டாதே. எலும்பு முறிஞ்சு கொண்டுவந்த நாயெல்லாம் என்னைப் பாத்து வாலை ஆட்டியிருக்கு. வழக்கம் மாறுதான்னு பாரு. அதான் குறி. தினம் வாசல்ல படுக்கறது கட்டிலுக்கு அடியில போய்ப் படுக்குதா. ஒரே மூச்சுல தின்னு முடிக்கறது ஒரு வாய் எடுத்துட்டு தட்டையே பாத்துக்கிட்டு நிக்குதா. வராத நேரத்துல வருதா. வந்து ஒண்ணும் கேக்காம பக்கத்துல சும்மா உக்காருதா.

ஆமாம்மா. அதைத்தான் சொல்லிக்கிட்டு வர்றேன்.

மாசத்துக்கு ஒரு தரம் வந்தவன் போன கோடையிலேருந்து வாரா வாரம் வர ஆரம்பிச்சான். முதல் தடவை, மேஸ்திரி, ராத்திரியில நீ இருமறேன்னு சொல்லுன்னான். நெஞ்சுல குழாய் வச்சுக் கேட்டேன், சுத்தமா இருந்துது. மேஸ்திரி, உங்களுக்கு ஒரு குறையும் இல்ல, போயிட்டு வாங்கன்னேன். அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடி நாதாங்கி சத்தம். இந்தத் தடவை கால் நொண்டறான்னு சொன்னான். இந்த வராந்தாவுல மூணு தரம் நடக்க விட்டுப் பாத்தேன். ராஜா மாதிரி நடந்தான். அதுக்கடுத்த வாரம் கண்ணுல தண்ணி. அதுக்கடுத்த வாரம் சொல்றதுக்குக் காரணம்கூட இல்ல, சும்மா கூட்டிட்டு வந்து மேசையில ஏத்திட்டு, பாக்கச் சொல்லு மேஸ்திரின்னான். நான் பாத்தேன். ஈறு, கண்ணு, காது, தோலு, எல்லாம் ஒழுங்கு. ஒரு குறையும் இல்லன்னேன். எட்டு வாரம் இப்படி.

நல்லா இருக்கற நாயை ஒருத்தன் வாரா வாரம் எதுக்குக் கொண்டுவந்து காட்டறான்? நீ கேக்கறது சரி. உங்க பெரியம்மாவும் அதையேதான் கேட்டா. அவ ஒவ்வொரு தடவையும் அவனுக்கு டீ கொண்டுவந்து வைப்பா. நாலாவது வாரமோ அஞ்சாவது வாரமோ, டம்ளரை எடுக்க வந்தவ அதைக் கையில வச்சுக்கிட்டே நின்னா. மேல ஏடு படிஞ்சு அப்படியே இருந்துது. அவன் போனதுக்கப்புறம் என்கிட்ட சொன்னா, ஏங்க, அவர் எதையுமே முழுங்க மாட்டேங்கறாருங்க, கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்கன்னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? அவனுக்கு வாய் இருக்கு, வேணும்னா கேப்பான்னு சொன்னேன்.

இங்க வை கையை. விலாவுல. எலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, கைக்குத் தெரியணும். மெல்லிசா ஒரு துணி போத்தின மாதிரி இருக்கணும். இப்ப உனக்கு எலும்பு தட்டுப்படுதா? கொஞ்சம் அழுத்தினாத்தான் தட்டுப்படுது, இல்ல? அதான். இவன் தடிச்சிருக்கான். மேலேருந்து பாரு, இடுப்புன்னு ஒண்ணு உள்வாங்கித் தெரியணும், இவனுக்கு உருளைக்கட்டை மாதிரி நேரா போகுது. ஆறு வருசமா பதினெட்டு கிலோதான் இருந்தான், கூடினதும் இல்ல குறைஞ்சதும் இல்ல. அந்த எட்டு வாரத்துல பதினெட்டரை, பத்தொன்பது, இருபதுன்னு ஏறிக்கிட்டே போச்சு. இவனுக்கு வச்ச சோத்துல இப்படி ஏறாதே, எங்கேருந்து வருதுன்னு நான் யோசிச்சிருக்கணும். சிரிச்சுக்கிட்டே, மேஸ்திரி, ரெண்டு ஆள் சாப்பாட்டை ஒரே ஆளா சாப்பிடறீங்களோன்னு கேட்டேன். உங்கப்பா சிரிக்கல. ஆகட்டும், குறைச்சுக்கச் சொல்றேன்னு சொல்லு மேஸ்திரின்னான்.

ரெண்டு ஆள் சாப்பாடுதான்மா. பட்டறையில உங்கப்பாகூட வேலை பாத்தவர், அவனை ஆஸ்பத்திரியில சேத்த அன்னைக்கு வராந்தாவுல நின்னு சொன்னாரு. உங்கப்பா மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பாராம், ஒரு உருண்டை வாயில போட்டுப் பாப்பாராம், கண்ணுல தண்ணி வந்துடுமாம், மிச்சத்தை அப்படியே இவன் தட்டுல கவுத்துடுவாராம். ஏன் அண்ணே சாப்பிடலைன்னு கேட்டா, மேஸ்திரி வேலை கடுமையா பாக்கறான், அவனுக்குத்தான் பசின்னு சொல்வாராம். வீட்டுலயும் ரெண்டு பேருக்குன்னு வடிச்சு ஒருத்தனுக்கு வச்சிருக்கான். உணவுக்குழாய்ல கட்டி. முழுசா அடைச்சிருந்துது. சேத்து ஆறாம் நாள் போயிட்டான். நீ விமானம் ஏறினப்போ மூச்சு இருந்துது. எறங்கினப்போ இல்ல.

ஆஸ்பத்திரியில அவனைப் பாத்த அந்த டாக்டரம்மா உன்கிட்டயும் கேட்டுட்டாங்களா? என்கிட்ட கேட்டது போதாதா அவங்களுக்கு. ரெண்டு மாசம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா வயித்துல ஒரு குழாய் வச்சாவது ஆகாரம் குடுத்து, கொஞ்சம் தெம்பு ஏத்தி, அப்புறம் கட்டிக்கு ஏதாவது பண்ணிப் பாத்திருக்கலாம். பொழைச்சிருப்பாருன்னு நான் சொல்லல, பட்டினி கெடந்து போயிருக்க மாட்டாருன்னாங்க. வீட்டுல யாரும் கவனிக்கலையான்னாங்க. அப்போ நான் அவங்களுக்கு என்ன பதில் சொன்னேனோ, அதையேதான் போன்ல உனக்கும் சொன்னேன். வந்தவங்க எல்லாருக்கும் சொன்னேன். அவன் தொளதொளன்னு சட்டை போட்டுக்கிட்டு வருவான், நான் நாயைப் பாத்துக்கிட்டிருப்பேன், அவன் முகத்தைப் பாக்கற பழக்கமே எங்களுக்குள்ள விட்டுப்போச்சு, அதனால கவனிக்கலைன்னேன். எல்லாரும் பாவம்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. நீயும்தான். எங்களுக்கும் வேற யாரு இருக்கா? பெத்துப் போட்டிருந்தாலும் உன்னளவுக்குப் பாசமா இருக்குமோ என்னமோ. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போன் போட்டு மேஸ்திரியைக் காட்டறேன்னு வந்ததுலேருந்து நாலு தடவை சொல்லிட்ட. உங்க பெரியம்மா அதைக் கேட்டுட்டு நேத்தே மூக்குக்கண்ணாடியில ஒடிஞ்ச காம்பை மாத்திக்கிட்டா, படம் தெளிவாத் தெரியணுமாம்.

தினம் விடிஞ்சதும் ஒரு மணி நேரம் பக்திப் பாட்டுப் புத்தகம் படிக்கறவன் நான். பெரிய பெரிய அடியார்கள் எல்லாம் ஆண்டவன் முன்னால தங்களை நாயைவிடக் கீழானவன்னு சொல்லிச் சொல்லி உருகியிருக்காங்க. அந்த எடம் வந்தா எனக்கும் கண்ணு நெறைஞ்சு எழுத்து மறைஞ்சிடும். கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் புத்தகத்தை மூடி வச்சுட்டு, பத்து மணிக்கு இந்த மேசைகிட்ட வந்து நிப்பேன். ஆண்டவன் முன்னால நாய்னு ஒத்துக்கறது ரொம்பச் சுலபம்மா. அங்க யாரு பாக்கறா? கூடப் பொறந்தவன் முன்னால, தம்பி, உனக்கு என்னடா பண்ணுதுன்னு ஒரு வார்த்தை. அதுக்கு இந்த நாக்கு புரளல.

இல்ல, அழல. நீயும் அழாதே. இன்னும் ஒண்ணே ஒண்ணு பாக்கி இருக்கு, எடை. அதைக் கத்துக்கிட்டுப் போயிடு. இவனை மெல்ல இளைக்க வைக்கணும், மாசத்துக்கு அரைக் கிலோ, அதுக்கு மேல வேகமா வேண்டாம். அதனால வாரம் ஒரு தரம் எடை பாக்கணும். உங்க வீட்டுல மனுசங்க ஏறி நிக்கற எடை மெஷின் இருக்கில்ல, அது போதும். இதோ கட்டிலுக்கு அடியில இருக்கே, இதே மாதிரிதான். ஆனா நாயை அதுமேல நிக்க வைக்க முடியாது. நாலு காலையும் அதுக்குள்ள அடக்கி நிக்காது, ஆடிக்கிட்டே இருக்கும், முள்ளும் ஆடும். அதனால என்ன பண்ணணும்னா, நாயைத் தூக்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஒருத்தர் ஏறி நிக்கணும். முள்ளு எங்க நிக்குதுன்னு பாத்துக்கோ. அப்புறம் நாயை இறக்கி விட்டுட்டு அவர் மட்டும் தனியா ஏறி நிக்கணும். முதல் எண்ணுலேருந்து ரெண்டாவது எண்ணைக் கழிச்சா நாயோட எடை. சுலபம்தானே?

நான் தூக்க மாட்டேன்மா. எனக்கு இடுப்புல பெல்ட்டு, பத்து வருசமா கனம் தூக்கக் கூடாது.

ஆமா. உங்கப்பாதான் தூக்கிக்கிட்டு ஏறுவான். மேஸ்திரி, தராசுல ஏறச் சொல்லு உங்க ஆளைன்னு நான் சொல்வேன், அவன் செருப்பைக் கழட்டிட்டு ஏறுவான். நான் குனிஞ்சு முள்ளைப் பாப்பேன். அப்புறம் இவனை இறக்கிட்டுத் தனியா ஏறுவான். மறுபடி குனிஞ்சு பாப்பேன். ஆறு வருசமா அவன் அறுபத்தி நாலு. இவன் ஏற ஆரம்பிச்ச முதல் வாரம் அவன் அறுபத்தி ரெண்டு. அப்புறம் அறுபது. அப்புறம் அம்பத்தி எட்டு. கடைசியா வந்த ஞாயித்துக்கிழமை நாப்பத்தி ஒன்பது. இவனைத் தூக்கறப்போ ஒரு தடவை கீழ வச்சுட்டு மறுபடி தூக்கினான். ரெண்டாம் தடவை தனியா ஏறி நின்னவன் சீக்கிரம் எறங்கல. நான் முள்ளைப் பாத்து நிமிந்ததுக்கு அப்புறமும் நின்னுக்கிட்டே இருந்தான். நான் கழிச்சுப் பாத்தேன். இருபத்தொண்ணு, மேஸ்திரிக்கு ஒரு குறையும் இல்ல, சாப்பாட்டை மட்டும் குறைக்கச் சொல்லுன்னேன்.

உள்ள பாத்திரம் கழுவற சத்தம் நின்னுபோச்சு. உங்க பெரியம்மாவுக்கும் இது இப்பத்தான் தெரியும். டீ டம்ளர் வரைக்கும்தான் அவளுக்குத் தெரியும்.

இதைச் சொன்னா நீ மறுபடி இந்தப் படி ஏற மாட்டேன்னு தெரியும். ஞாயித்துக்கிழமை போனும் வராது. வர வேண்டாம். கழுத்துப் பட்டையில ரெண்டு விரல் நுழையற மாதிரி எடம் விட்டிருக்கேன், இளைச்சா ஒரு ஓட்டை இறுக்கிக்கோ. இவன் தண்ணிக் கிண்ணம் அந்தப் பையில இருக்கு.

கேட்டதுக்குப் பதில் இதுதான்மா. கவனிக்காம இல்ல. எட்டு வாரமும் குனிஞ்சு குனிஞ்சு பாத்தேன். அவனா கேக்கட்டும்னு இருந்தேன்.